இர்யாவின் சுழல் பெட்டி

ஹாம்ட்ராமிக், மிச்சிகன்
1980 ஜனவரி 6, ஞாயிறு, மதியம் 2 மணி 10 நிமிடம்

இர்யா அக்கா,

நேற்று சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பது வரை உன் பெட்டி யாரும் தொடாமல் ஒன்பது முறை வேகம் மாறியது. எண்ணினேன்.

கடிதம் போடாதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. இது பாசக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம். படித்துவிட்டு அடுப்பில் போட்டுக்கொள், ஆனால் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுப் போடு.

உன்னைக் கேட்காமல் உன் ஆர்கனையும் அதன் ஸ்பீக்கரான சுழல் பெட்டியையும் பேண்டுக்குக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். செப்டம்பரிலிருந்து அவை நான் வேலை செய்யும் ரிப்பேர் கடையின் மூலையில் தூசி தின்றுகொண்டிருந்தன. பௌலிங் கூடத்து பாரில் வசந்தம் வரைக்கும் சனிக்கிழமைகள் ஒப்புக்கொண்டாகிவிட்டது. டுவேன் கிட்டாரையும் வாயையும் மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவார்? உன் இடத்தில் லைல் ப்ரூயிட் என்று ஒருவர் வந்திருக்கிறார். நாற்பது வயது, கல்யாண விருந்துகளில் வாசித்தவர், தொப்பை கீபோர்டில் இடிக்கும். நேற்றுதான் முதல் நாள். பெட்டிக்கும் நாலு மாதம் கழித்து நேற்றுதான் கரண்ட் கொடுத்தேன்.

பிரச்சினை இதுதான். உன் பெட்டிக்கு இருப்பது இரண்டே வேகம். மெதுவாக விட்டால் மேலே ஸ்பீக்கர் கொம்பும் கீழே உருளையும் ஆடி அசைந்து சுற்றும், வேகமாக விட்டால் சத்தம் நடுங்கும். மாற்றுவது ஆர்கனின் இடது விளிம்பில் இருக்கும் சுவிட்ச் ஒன்றுதான். லைல் இரண்டு கையையும் கட்டைமேல் வைத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது அது வேகம் எடுத்தது, தானே தணிந்தது. முதல் இடைவேளையில் நான் சுவிட்சின் கம்பியையே கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் நாலு முறை மாறியது. வேகம் மாற்றும் ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை. வால்வுகள் நன்றாக இருக்கின்றன. ஈரம் இல்லை.

லைல் என் காதில் வந்து சொன்னார்: "தம்பி, இந்தப் பெட்டிக்கு என்னைப் புடிக்கல. நான் கைய எடுத்தா அது நிம்மதியா மூச்சு விடுது."

டுவேனோ, "இன்ஜினியரே, சட்டுபுட்டுனு சரி பண்ணு. இல்லன்னா காலால மிதிக்கிற சின்ன எலக்ட்ரானிக் டப்பா வந்திருக்காமே, அதுலயும் இதே மாதிரி சத்தம் வருதாம். இந்த அலமாரிய எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்கிறார்.

உள்ளே நீ ஏதோ ரகசியமாக வயர் போட்டிருக்கிறாய். என்ன போட்டாய், எங்கே போட்டாய்? படம் வரைந்து அனுப்பு.

ஆர்விட்


காலுமெட், ஜனவரி 10, வியாழன்

ஆர்விட்,

படம் வேண்டுமாம். என் படத்தை வரைந்து அனுப்பவா? ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் ஒரு பொம்பளை, பாதி உடம்புக்குச் சொரணை இல்லை. வாய் கொஞ்சம் கோணல். அதனால்தான் போனில் பேச மாட்டேன் என்றேன், உன்மேல் கோபம் என்பதால் மட்டும் இல்லை. உன் அறையில் போன் இல்லாததும் நல்லதுக்குத்தான்.

நான் உள்ளே எதுவும் செய்யவில்லை. எனக்கு சால்டர் வைக்கத் தெரியாது என்று ஆறு வருஷமாகக் கேலி செய்தவன் நீ. இப்போது ரகசிய வயர் என்கிறாய். பெட்டியின் பின்பலகையைக்கூட நானாகக் கழற்றியதில்லை, நீதான் கழற்றுவாய். சத்தம் திறந்து வர வேண்டும் என்று கழற்றியே வைப்போம். நினைவிருக்கிறதா, அந்தத் திறப்பில் டுவேன் சிகரெட் சாம்பலைத் தட்டினார் என்று நான் அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை. சாம்பலுக்கே அப்படி. தொப்பை இடிக்கும் ஓர் ஆளுக்கு நீ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து எனக்கு வேலைக் கடிதம் எழுதுகிறாய்.

அக்டோபரில் ஒரே ஒரு தடவை வந்தாய். அரை நாள் இருந்தாய். அதில் பாதி நேரம் அம்மாவின் தண்ணீர் மோட்டாரைப் பிரித்தாய். அம்மா அதைப் பெருமையாக ஊருக்கெல்லாம் சொல்கிறாள்: "பையன் வந்தான், மோட்டாரு இப்ப சத்தமே போடறதில்ல." நான் போட்டேன் சத்தம், அது யாருக்கும் கேட்கவில்லை.

சரி. இரண்டு விஷயம் எனக்கு வேண்டும். இந்தச் சனிக்கிழமை பெட்டி மறுபடி அப்படிச் செய்தால், எந்தப் பாட்டில், பாட்டின் எந்த இடத்தில், மணி என்ன, எழுதி அனுப்பு. முதல் வாரத்துக்கும் நினைவிருப்பதை எழுது.

ஏன் என்று கேட்காதே. கேட்டால் சொல்ல மாட்டேன்.

அம்மா கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறாள். போட்டுக்கொள்ள மாட்டாய் என்று அவளுக்கும் தெரியும்.

இர்யா


ஹாம்ட்ராமிக், ஜனவரி 13, ஞாயிறு

அக்கா,

கேட்டதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பாட்டு, இடம், மணி எல்லாம் இருக்கிறது. நேற்றும் செய்தது, இந்த முறை பதினொன்று. தாளைப் பார்க்கும்போது எனக்கே ஒன்று தெரிகிறது. எல்லாமே டுவேன் கடைசி வரியை விட்டுவிட்டு மூச்சு வாங்கும் இடங்கள். நீ ஆர்கனால் உள்ளே நுழையும் இடங்கள். உனக்கே தெரிந்ததை என்னிடம் கேட்டு வாங்கி என்ன செய்யப்போகிறாய்?

இரண்டு விஷயத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாததை எழுதுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒன்று. மூன்றாவது பாட்டில் லைல் குழம்பி, நாலு தாளம் முன்னாலேயே பல்லவிக்குப் போய்விட்டார். பெட்டி அவரோடு போகவில்லை. நாலு தாளம் கழித்து, பல்லவி உண்மையில் வந்திருக்க வேண்டிய இடத்தில், அது வேகம் எடுத்தது. ஆர்கனிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுத்தான் மாறுகிறது என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அது அங்கேயே செத்தது. அது லைலைக் கேட்கவில்லை. வேறு யாரோ சரியாக வாசிக்கிறார்கள், அதைக் கேட்கிறது. டுவேன் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லைலை இல்லை, பெட்டியை.

இரண்டு. எட்டு மணிக்கு அந்த மெதுவான பாட்டு. வேகம் எடுக்க ஆரம்பித்தது, பாதியில் கொம்பு நின்றுவிட்டது. நிற்க வழியே இல்லை. கரண்ட் வந்துகொண்டிருக்கிறது, மோட்டார் முனகுகிறது, சூடாகிறது, ஆனால் கொம்பு அசையவில்லை. யாரோ கையால் இறுக்கிப் பிடித்திருப்பதுபோல. நான் பின்பலகைத் திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். எதுவும் சிக்கவில்லை. அரை நிமிடம் அப்படி நின்றது. பிறகு விட்டது. விட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாரில் பீர் ஊற்றும் பெண்மணி வந்து, "உங்க பெட்டிக்குள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டாள். லைல், "இருக்காங்கம்மா, ஆனா சம்பளம் எனக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

பேய், ஆவி என்று எதையாவது எழுதி அனுப்பாதே. நான் இதை இந்த வாரமே முடித்துவிடுகிறேன்.

ஆர்விட்


காலுமெட், ஜனவரி 17, வியாழன்

ஆர்விட்,

உன் தாளையும் நான் இங்கே குறித்து வைத்திருந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். இப்போது சொல்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

ஐந்தாம் தேதி சனிக்கிழமை, சௌனா நீராவி அறையில் குளித்து முடித்து நாற்காலியில் இருந்தேன். அம்மா எதிரில் பின்னிக்கொண்டிருந்தாள். போர்வைமேல் என் இடது கட்டைவிரல் நகர்ந்தது. செப்டம்பரில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததிலிருந்து அந்தக் கை ஒரு மீன் மாதிரி என் மடியில் கிடக்கிறது, உனக்குத் தெரியும். அது நகர்ந்தது. வெளியே தள்ளியது, கொஞ்சம் பொறுத்து உள்ளே இழுத்தது. சுவிட்சைத் தள்ளுவது போலவே.

அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "இர்யா, நீயா பண்ற?" என்றாள். "நான் இல்லம்மா" என்றேன். அன்றைக்கு ஒன்பது முறை. நாங்களும் எண்ணினோம்.

பன்னிரண்டாம் தேதி பதினொன்று. மணியும் பொருந்துகிறது, எங்கள் சமையலறைக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் அந்த எட்டு மணிப் பாட்டு. எனக்குப் பயம் வந்துவிட்டது ஆர்விட். என் கை என்னைக் கேட்காமல் அசைவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? வலது கையால் அதை அமுக்கிப் பிடித்தேன். அது உள்ளே துடித்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு விட்டேன்.

மார்ச் நடுவோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் திரும்பாதது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டைவிரலைக் காட்டச் சொன்னார், அவர் முன்னால் அசையுமா? அன்று செவ்வாய்க்கிழமை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமைக்குப் பிறகும் விரல் கொஞ்சம் கொஞ்சம் என்னுடையது ஆகிறது. போன வாரத்திலிருந்து சூடு தெரிகிறது. காபிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தால் சூடு தெரிகிறது!

எனக்கு அந்தக் கை வேண்டும். எப்படி வந்தாலும் வேண்டும். அது வந்தால் நான் மறுபடி வாசிப்பேன். வராவிட்டால் நான் இந்த ஜன்னலில் பனியை எண்ணுவேன், அம்மா இருக்கும் வரை.

நேற்று மட்டும் ஏதோ மோசமாக இருந்தது. மதியம் மூன்று மணிபோல மணிக்கட்டில் சுரீரென்று சூடு போட்ட மாதிரி. ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து. நான் கத்தியதில் அம்மா மறுபடியும் வெடித்துவிட்டது என்று நினைத்து அழுதுவிட்டாள். அறையெல்லாம் சால்டர் பிசின் எரிகிற வாசனை. உன் கடையில் வருமே, அது.

பெட்டியைத் திறக்காதே. எதையும் சரிசெய்யாதே. லைல் எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் வாசிக்கட்டும். தயவுசெய்து.

இர்யா


ஹாம்ட்ராமிக், ஜனவரி 20, ஞாயிறு

அக்கா,

முடிந்தது. நேற்று ஒரு தடவைகூட இல்லை.

குறை எங்கே என்று தேடி நேரத்தை வீணடிக்காமல், சந்தேகப்படும்படி இருந்த எல்லாவற்றையும் புதன்கிழமை மதியம் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். பழைய வால்வு ஆம்பின் வயர்களை ஒவ்வொன்றாக சால்டர் உருக்கி எடுத்து, டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்தேன். கேபிள் புதிது. சுவிட்சுக்குப் பதில் லைல் காலால் மிதிக்க ஒரு பெடல். மெதுவான சுற்றுக்கான சின்ன மோட்டார் புதிது, அதன் ரப்பர் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது. பெல்ட்டும் புதிது, பழையது கழற்றும்போதே அறுந்தது.

"இப்பதான்யா மிஷின் மாதிரி இருக்கு" என்றார் டுவேன். லைல் கடைசியில் கிளம்பும்போது, "சத்தம் கொஞ்சம் செத்துப்போன மாதிரி இருக்குல்ல தம்பி?" என்றார். டிரான்சிஸ்டரில் அப்படித்தான் இருக்கும். அதற்கு வால்வின் கதகதப்பு வராது. சொன்னபடி கேட்கிற பொருளுக்கு அது ஒரு நியாயமான விலை.

உன் பெட்டி இப்போது ஆரோக்கியமாக இருக்கிறது. காலுறை வந்தது. போட்டுக்கொண்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்.

ஆர்விட்


காலுமெட், ஜனவரி 21, திங்கள்

சனிக்கிழமை எதுவும் இல்லை. ஆறரையிலிருந்து பத்து வரை நானும் அம்மாவும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது சூடும் தெரியவில்லை. முன்பு சுண்டுவிரலில் கொஞ்சம் உணர்ச்சி இருந்ததே, அதுவும் போய்விட்டது. அம்மா தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "வெளிய பனியில வெச்சிருந்த மாதிரி இருக்குடி" என்றாள்.

என்ன செய்தாய்?

இர்யா


ஹாம்ட்ராமிக், ஜனவரி 27, ஞாயிறு, இரவு 7 மணி

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் செவ்வாயும் வியாழனுமாக வந்தன. இதை நீ பத்தாம் தேதிக் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நான் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன். இல்லை, பொய். தொட்டிருப்பேன். உன்னை நம்பியிருக்க மாட்டேன்.

இப்போதும் நம்பவில்லை. அளந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மாற்று, சோதி, பிறகு அடுத்ததைத் தொடு. ஐந்தை ஒன்றாக மாற்றினால் குறை போகலாம், ஆனால் எதனால் போனது என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று நான் ஐந்தையும் ஒன்றாக மாற்றினேன். உன் கை அந்த ஐந்தில் எதில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பழைய ஆம்ப். அது மேசைக்கு அடியில்தான் இருந்தது. வைத்து, ஆர்கனை இணைக்காமல், பெட்டியை மட்டும் மெதுவாகச் சுற்றவிட்டேன். கடையில் நான் மட்டும்தான். ரேடியோ இல்லை. மேலே சுற்றும் கொம்புக்கு இரண்டு வாய் உண்டு, நீ பார்த்திருப்பாய். சத்தம் வருவது ஒரு வாயில்தான். மற்றது அடைத்த பொய்வாய், எடை சமமாக இருக்க வைத்தது. அதற்கும் ஸ்பீக்கருக்கும் வழியே கிடையாது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பொய்வாயிலிருந்து சத்தம் வந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் அது என் பக்கம் திரும்பும்போது கொஞ்சம், விலகும்போது இல்லை. கோப்பையில் கரண்டி. பிறகு அம்மாவின் குரல்: "இர்யா, காபி ஆறுது. ரொட்டிய நனைச்சுக் குடுக்கட்டா?" பிறகு வெளியே யாரோ பனி அள்ளுவதுபோல ஒரு சுரண்டல். சர்க், சர்க், சர்க். நான் காதை வைத்தேன். காற்றில் ஏலக்காய் வாசனை. அம்மாவின் அந்த ஏலக்காய் ரொட்டியை நான் அக்டோபருக்குப் பிறகு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி பத்துக்கு அம்மா அப்படிச் சொன்னாளா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

சனிக்கிழமை காலை பழைய கேபிளை வைத்து ஓடவிட்டேன், அணைத்துவிட்டுப் பிறகு சுவிட்ச். எந்த மாற்றமும் இல்லை. பெட்டியை பாருக்குக் கொண்டுபோகவில்லை. டுவேன் கடைக்கே வந்துவிட்டார்.

"பெட்டி எங்கடா?"

"வராது."

"ஏன் வராது?"

"சோதனையில இருக்கு."

"ஆஸ்பத்திரியா நடத்துற? பெட்டி வரலன்னா நீயும் வர வேணாம்."

"சரி" என்றேன். நான் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, "இர்யா நல்லா இருக்காளா?" என்று கேட்டார். அவர் கண் பெட்டியின்மேல் இருந்தது.

இன்று சின்ன மோட்டார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கடைக்குப் பின்னால் பழைய இரும்பு பீப்பாயில், பனிக்கு அடியில் கிடந்தது. காலையெல்லாம் தோண்டினேன். சுத்தம் செய்யாமல், அந்தத் தட்டையான ரப்பரோடு அப்படியே மாட்டினேன். மூன்றரை மணிக்கு ஓடவிட்டேன். ரப்பர் தேய்ந்த இடம் வரும்போது கொம்பு ஒவ்வொரு சுற்றிலும் லேசாக நொண்டுகிறது. உன் பழைய பதிவுகளில் அந்த நொண்டல் இருக்கிறது. ஆறு வருஷம் அதைக் கேட்டு, அது நீ வாசிக்கும் விதம் என்று நினைத்திருந்தேன்.

ஆறு மணிக்குச் சாப்பிடப் போகையில் அணைத்தேன். ஏதாவது நடந்ததா? உடனே எழுது.

ஆர்விட்


காலுமெட், ஜனவரி 30, புதன்

ஆர்விட்,

திங்கட்கிழமையே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று உன் கடிதம் வந்ததும் அம்மா பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஆமாம். காபி ஆறுகிறது என்றாள், ரொட்டியை நனைக்கட்டுமா என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமை இங்கே யாரும் பனி அள்ளவில்லை. நீ கேட்ட சுரண்டல், என் இடது கை நகங்கள் நாற்காலியின் மரக்கைப்பிடியைக் கீறியது. எனக்குத் தெரியவே இல்லை. அம்மாதான் பார்த்தாள். அப்போது சொன்னால் பயப்படுவேன் என்று மறைத்துவிட்டாள். மரத்தில் நாலு கோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு வந்தது. விரல் இல்லை, கை. முழுக் கையும் வந்தது. நானே நினைத்து, நானே நீட்டி, கோப்பையைத் தூக்கினேன். குடித்தேன். அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் மேசைமேல் வாசித்தேன் ஆர்விட், இரண்டு கையாலும், மேசைவிரிப்பு கசங்கிப்போகும் வரை. இரண்டரை மணி நேரம் நான் முழு மனுஷியாக இருந்தேன். கொஞ்சம் நொண்டியது, நீ சொன்ன அந்த நொண்டல்தான், நான் சிரித்தேன்.

ஆறு மணிக்கு கை விழுந்தது. பிடித்திருந்த கோப்பை உடைந்தது. அது பரவாயில்லை. இதைச் சொல்லத்தான் மூன்று நாளாகத் தயங்கினேன்: பழைய இடத்துக்குத் திரும்பி விழவில்லை. பதினாறாம் தேதி நீ பிரித்ததற்குப் பிறகு குளிர் மணிக்கட்டு வரை இருந்தது. வெள்ளிக்கிழமை அணைத்தபோது மணிக்கட்டைத் தாண்டியது. சனிக்கிழமை அதற்கும் மேலே. இப்போது முழங்கைக்கு மேலே. நீ அணைக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஏறுகிறது. எங்கே போய் நிற்கும் என்று நான் யோசிப்பதில்லை. அம்மா யோசிக்கிறாள். நான் தூங்கும்போது என் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள்.

அணைக்காதே என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு மரப்பெட்டியின் தயவில் உயிர் வாழ்கிற அளவுக்கு வந்துவிட்டேனா? ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தை நீ பார்த்திருந்தால்.

என் பெட்டி அது. எனக்கு வேண்டும். கொண்டு வா.

இர்யா


ஹாம்ட்ராமிக், பிப்ரவரி 2, சனி, மதியம் 1 மணி

அக்கா,

உன் கடிதம் நேற்று பதினொன்றரைக்கு வந்தது. அறையிலிருந்து கடை வரை கோட் போடாமல் ஓடினேன். பதினொன்று நாற்பதுக்கு ஓடவிட்டேன். அந்த நேரத்துக்கு உனக்குத் தெரிந்திருக்கும். அதிலிருந்து அணைக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வாஸ்கோ கடையைப் பூட்ட வந்தார்.

"ஆள் இல்லாம மிஷின் ஓடக் கூடாது, ஆர்விட்."

"நான் இருக்கேன்."

"எவ்வளவு நேரம்?"

"புதன் வரைக்கும்."

கொஞ்ச நேரம் கொம்பு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சத்தியமா நீ தூங்குவியா இதுக்குப் பக்கத்துல?" என்று கேட்டார். சாவியை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

தூங்கினேன். பொய்வாய்க்குக் கீழே. உன் மூச்சு கேட்கிறது. மூன்று சுற்றுக்கு ஒரு மூச்சு. நள்ளிரவில் ஒருமுறை நாலு சுற்றாகி, பிறகு மூன்றுக்கு வந்தது. புரண்டு படுத்தாய் என்று நினைக்கிறேன்.

கை பெட்டியை ஓட்டுகிறதா, பெட்டி கையை ஓட்டுகிறதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நீ அமுக்கியபோது கொம்பு நின்றது, நான் அணைத்தபோது கை விழுந்தது. ஒரே பெல்ட்டில் இரண்டு சக்கரம். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை, இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

பெட்டியைக் கொண்டுவருகிறேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன், செவ்வாய்க்குள் கிடைத்துவிடும். வேண்டாம் என்றால் கடைக்கு அம்மாவை போன் செய்யச் சொல். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். போன் வரவில்லை என்றால் நான் செய்யப்போவது:

1. புதன் காலை வரை பெட்டியை விட்டு நகர மாட்டேன். பிளக்கைச் சுவரோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டேன்.

2. ராணுவத்தில் கழித்துவிட்ட இன்வெர்ட்டர் ஒன்றையும் நாலு லாரி பேட்டரிகளையும் லைல் தன் வண்டியில் கொண்டுவந்து தருகிறார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதிலிருந்து கரண்ட் வினாடிக்குச் சரியாக அறுபது சைக்கிளில் வருகிறதா என்று அளப்பேன். ஏறி இறங்கினால் கொம்பின் வேகமும் ஏறி இறங்கும். சரியாக வரும் வரை கிளம்ப மாட்டேன்.

3. புதன் காலை ஏழு மணிக்குச் சுவரிலிருந்து பேட்டரிக்கு மாற்றுவேன். கரண்ட் போனாலும் கொம்பு தன் ஓட்டத்தில் சில வினாடி சுற்றும், அதற்குள் மாற்றிவிடுவேன். அந்த நேரத்தில் கையில் சூடாக எதையும் வைத்துக்கொள்ளாதே. அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

4. புது பெல்ட்டை அப்படியே விட்டுவிடுவேன். அதை மாற்றக் கொம்பை நிறுத்த வேண்டும்.

5. வழியிலுள்ள மெக்கினாக் பாலத்தில் காற்று அதிகமாகி வண்டிகளை நிறுத்தினால் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பேன். வேன் நிறைய பெட்ரோல் டப்பாக்கள் வைத்துக்கொள்கிறேன்.

6. வீட்டுக்கு வந்ததும் உன் நாற்காலிக்கு இடப்பக்கம் பெட்டியை வைத்து, சுவிட்சை உன் கட்டைவிரலுக்கு எட்டும்படி மாட்டுவேன். அதற்குப் பிறகு நீ சொல்லாமல் அதில் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன்.

7. வழியில் எங்கும் இறங்கி போன் செய்ய மாட்டேன். பின்னால் கொம்பு சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும்.

ஆர்விட்